தங்கம் வந்த பிறகு வந்த மௌனம்
மலையும் மைதானமும் – தொடர் 11

1972 ஆகஸ்டில், மேற்கு ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரத்து நீச்சல் குளத்தில், 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் போட்டியை முரளிகாந்த் பேட்கர் 37.33 விநாடியில் முடித்தார். அவருடைய பிரிவில் அது உலக சாதனை. இந்தியாவுக்கு அது முதல் பாராலிம்பிக் தங்கம். ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் என்று ஒன்று நம் நாட்டுக்குக் கிடைக்க 2008-இல் அபினவ் பிந்த்ரா துப்பாக்கியை உயர்த்தும் வரை இன்னும் 36 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பேட்கர் மகாராஷ்டிரத்தின் சாங்லி பகுதியைச் சேர்ந்தவர். ராணுவத்தின் மின்–இயந்திரப் பொறியாளர் படையில் பணியாற்றியவர், குத்துச்சண்டை வீரர். 1965 போரில் பாய்ந்த குண்டுகள் அவரை இடுப்புக்குக் கீழே செயலிழக்கச் செய்தன. மருத்துவமனையில் சிகிச்சையின் பகுதியாகத் தொடங்கிய நீச்சலே அவரை ஹைடல்பர்க் வரை கொண்டுபோனது.

ஊக்கம் தருவதற்கு இதைவிடச் சிறந்த கதை எந்த நாட்டுக்கும் வாய்க்காது. ஆனால் அந்தக் கதையை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்தோம்? 1976-இல் டொரண்டோவில் பாராலிம்பிக் நடந்தது. இந்தியாவிலிருந்து யாரும் போகவில்லை. 1980-இல் ஆர்ன்ஹெமில் நடந்தது, அப்போதும் போகவில்லை. 1984-இல்தான் மீண்டும் போனோம், நான்கு பதக்கங்கள் வந்தன. அடுத்த தங்கத்துக்கு 2004 ஏதென்ஸில் தேவேந்திர ஜஜாரியா ஈட்டியை 62.15 மீட்டர் தூரம் எறிய வேண்டியிருந்தது. முதல் தங்கத்துக்கும் இரண்டாவது தங்கத்துக்கும் இடையே 32 ஆண்டுகள். பேட்கருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது 2018-இல்.

மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் முதலில் வாயில் வரும் சொல் ‘ஊக்கம்’. அவர்களைப் பார்த்து மற்றவர்கள் ஊக்கம் பெற வேண்டும் என்கிறோம். அந்த விருப்பத்தில் எனக்குக் குறை காணத் தோன்றவில்லை. ஆனால் 1972-க்குப் பிந்தைய அந்த மௌனத்தை வைத்துப் பார்த்தால், ஊக்கம் தானாக எதையும் விளைவிப்பதில்லை என்ற முடிவுக்குத்தான் வர முடிகிறது. ஒருவருடைய வெற்றியைக் கண்டு நெஞ்சம் நெகிழ்வது எளிது. அந்த வெற்றி எந்த ஏற்பாட்டின் மேல் ஏறி நின்றது என்று விசாரித்து, அதே ஏற்பாட்டை அடுத்தவருக்கும் செய்துகொடுப்பதுதான் கடினம். இரண்டாவதைச் செய்யாத இடத்தில் முதலாவது ஆவியாகிவிடுகிறது. இந்தப் போட்டிகளிலிருந்து நாம் பெற வேண்டிய ஊக்கம் வீரருடைய துன்பத்திலிருந்து எடுப்பதாக இல்லாமல், அவரைக் களத்தில் இறக்கிய ஏற்பாட்டிலிருந்து எடுப்பதாக இருக்க வேண்டும் என்பதே இந்தப் பகுதியில் நான் நிறுவ முயல்வது.

இந்த விளையாட்டுகளின் பிறப்பே இதற்குச் சான்று. நாஜிகளிடமிருந்து தப்பி 1939-இல் இங்கிலாந்து வந்துசேர்ந்த யூத நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயப் பிரிவைத் தொடங்கினார். முதுகுத்தண்டு அறுந்த சிப்பாய் என்றால் சில மாதங்களில் இறந்துவிடுவார் என்று மருத்துவ உலகமே கைவிட்டிருந்த காலம் அது. அவர்களைக் கொன்றது பெரும்பாலும் முதுகுக் காயமல்ல. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். குட்மன் முதலில் செய்தது எந்த வீர உரையும் அல்ல. நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார். புண் ஆறியது, தொற்று குறைந்தது, ஆட்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களை என்ன செய்வது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழுந்தது. தோளும் கையும் வலுப்பெற வேண்டும், உடலின் மேற்பாதி சாயாமல் நிற்கப் பழக வேண்டும். அதற்கு வில்வித்தை பொருத்தமாக இருந்தது. 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனைப் புல்வெளியில் முன்னாள் படைவீரர்கள் 16 பேர், அவர்களில் இருவர் பெண்கள், வில்லெடுத்து அம்பெய்தார்கள். 1952-இல் நெதர்லாந்திலிருந்து வீரர்கள் வந்தார்கள். 1960-இல் ரோமில் 23 நாடுகளிலிருந்து 400 பேர் கூடினார்கள். செவிலியர் ஒருவர் நள்ளிரவில் ஒரு நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்ததிலிருந்து தொடங்கும் வரலாறு இது. பாராலிம்பிக்கின் தொடக்க விழாவைப் பார்த்து வியக்கும் நாம் அந்தச் செவிலியரையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

நம்மூர் எடுத்துக்காட்டுக்கு வருவோம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவின் கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. ஐந்து வயதில், பள்ளிக்குப் போகும் வழியில், பேருந்து ஏறி வலது காலின் கீழ்ப்பகுதி நசுங்கியது. தாய் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தார். மகன் 2016-இல் ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். இப்படித்தான் மேடைகளில் சொல்லப்படுகிறது. விபத்தில் தொடங்கி நேரே பதக்கத்துக்குத் தாவிவிடுகிறது கதை. நடுவில் விடுபட்ட இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. அவருடைய பள்ளியில் ஓர் உடற்கல்வி ஆசிரியர் இருந்தார். இந்தப் பையனை ஓரமாக உட்கார வைக்காமல் உயரம் தாண்டச் சொன்னார். மற்ற மாணவர்களோடு போட்டியிட வைத்தார். 2013-இல் தேசிய அளவிலான பாரா தடகளப் போட்டி ஒன்று நடந்ததால்தான் பயிற்சியாளர் சத்யநாராயணாவின் கண்ணில் அவர் பட்டார். பெங்களூருவில் பயிற்சி கிடைத்தது. ஆசிரியர், போட்டி, பயிற்சியாளர் ஆகிய இந்த மூன்றில் ஒன்று இல்லாதிருந்தாலும் மாரியப்பனின் மனவுறுதி இம்மியும் குறைந்திருக்காது, 1.89 மீட்டர் மட்டும் இருந்திருக்காது. அதே காலத்தில், 2015-இல், உட்பூசல் காரணமாக இந்தியப் பாராலிம்பிக் குழுவைச் சர்வதேசக் குழு இடைநீக்கம் செய்திருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. வீரர்கள் தயாராக இருந்தார்கள். அவர்களை அனுப்ப வேண்டிய அமைப்பு தயாராக இல்லை.

எண்கள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. 1968-இல் டெல் அவிவுக்கு முதன்முதலாக அணி அனுப்பியதிலிருந்து 2016 ரியோ முடிய, இந்தியா வென்ற பாராலிம்பிக் பதக்கங்கள் மொத்தம் 12. டோக்கியோவில் மட்டும் 19. 2024 பாரிஸில் 29. எட்டே ஆண்டுகளில் இந்தியர்களுக்கு மனவுறுதி திடீரென்று பெருகிவிட்டதா? ரியோவுக்கு 19 பேர் போனார்கள், டோக்கியோவுக்கு 54, பாரிஸுக்கு 84. ஒலிம்பிக் வீரர்களுக்கான மத்திய அரசின் ‘டாப்ஸ்’ உதவித் திட்டம் பாரா வீரர்களுக்கும் பயிற்சி, கருவி, வெளிநாட்டுப் பயணம் என்று கைகொடுத்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 30-ஆவது பிரிவில், விளையாட்டில் பங்கேற்பதற்கு வழிசெய்வதை அரசின் கடமையாக்கியது. டோக்கியோவில் பூப்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. பாரிஸில் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ், ஓசூர் நித்யஸ்ரீ சிவன் இருவரும் வெண்கலமும் வென்றார்கள். அவர்களைப் போலத் திறமையுள்ள பெண்கள் 1972-இலும் தமிழ்நாட்டில் பிறந்துதான் இருப்பார்கள். அவர்களுக்கென்று ஓர் ஆடுகளம் அன்று திறந்திருக்கவில்லை.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு மனம் சார்ந்தது. ஒரு பையன் ஒற்றைக் காலை ஊன்றி எழும்பித் தாண்டுவதைப் பார்த்து நெகிழ்வதில் என்ன தவறு, எல்லாவற்றையும் ஏற்பாடு, அமைப்பு என்று சொல்லி மனிதனை மறைத்துவிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பேட்கரின் உறுதியையோ மாரியப்பனின் உழைப்பையோ யாரும் குறைக்கவில்லை. ரியோவுக்குப் பின் டோக்கியோவில் 1.86 மீட்டரில் வெள்ளி, பாரிஸில் 1.85 மீட்டரில் வெண்கலம் என மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்குவதற்கு என்ன உழைப்பு வேண்டும் என்பது தடகளம் அறிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்த நெகிழ்ச்சியைப் பற்றி மாற்றுத்திறனாளிகளிடமிருந்தே வந்த கண்டனம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஸ்டெல்லா யங், 2014-இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், தங்களை மற்றவர்களின் தன்னம்பிக்கை மருந்தாகப் பயன்படுத்துவதை வன்மையாக எதிர்த்தார். தன்னைப் போன்றவர்கள் தடுமாறுவது உடலால் மட்டுமல்ல, படிக்கட்டு மட்டுமே வைத்துக் கட்டிய கட்டடங்களாலும் என்பதும், எவ்வளவு புன்னகைத்தாலும் அந்தப் படிக்கட்டு சாய்தளமாக மாறிவிடாது என்பதும் அவர் வாதம். அவரோடு எனக்கு முழு உடன்பாடு. நெகிழ்ச்சி பார்ப்பவருக்கு இதமாக இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் தன் ஊர்ப் பள்ளிக்குப் போய், இங்கே விளையாட்டு நேரத்தில் யார் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டால் அந்த நெகிழ்ச்சிக்குப் பயன் உண்டு. கேட்காவிட்டால் அது அவருடைய சொந்த இதம் மட்டும்தான்.

இரண்டாவது மறுப்பு விளையாட்டு சார்ந்தது, சற்று முரடானது. இத்தனை பிரிவுகளாகப் பிரித்து, பிரிவுக்கு ஒரு தங்கம் கொடுத்தால் அந்தத் தங்கத்துக்கு என்ன மதிப்பு என்கிறார்கள். குத்துச்சண்டையில் 51 கிலோ வீரரை 92 கிலோ வீரரோடு மோதவிடுவதில்லை. அதனால் 51 கிலோ சாம்பியனை யாரும் அரைச் சாம்பியன் என்று சொல்வதில்லை. பார்வை, தசைவலு, உறுப்பிழப்பு ஆகியவற்றின் அளவைச் சோதித்துப் பிரிவு ஒதுக்குவது அதே நியாயத்தின் நீட்சிதான். ரியோ பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடுள்ளோருக்கான 1500 மீட்டரில் அல்ஜீரியாவின் அப்தெல்லதீஃப் பாக்கா 3 நிமிடம் 48.29 விநாடியில் வென்றார். அதே ஆண்டு ஒலிம்பிக் தங்கம் 3:50.00-க்குக் கிடைத்தது. பாக்காவுக்குப் பின்னால் வந்த மூவரும்கூட அந்த ஒலிம்பிக் நேரத்தைவிட வேகமாக ஓடியிருந்தார்கள். இதை வைத்து அதிகமாக ஆர்ப்பரிக்கக் கூடாது: ஒலிம்பிக் இறுதி ஓட்டம் அன்று வியூகம் பார்த்து மெதுவாக ஓடப்பட்டது. ஆனாலும் இது ஆறுதல் பரிசுக்கான ஓட்டம் என்று நினைப்பவர்களுக்கு அந்த நான்கு பேரின் நேரம் போதுமான பதில்.

பிரிவு முறையில் முறைகேடு நடந்ததும் உண்மை. 2000 சிட்னியில் அறிவுசார் குறைபாடுள்ளோர் கூடைப்பந்தில் தங்கம் வென்ற ஸ்பெயின் அணியின் 12 பேரில் 10 பேருக்கு எந்தக் குறைபாடும் இல்லை என்று அம்பலமானது. தங்கம் பறிக்கப்பட்டது. அதோடு நிற்கவில்லை, அந்தப் பிரிவு போட்டிகளே 2012 லண்டன் வரை நிறுத்தி வைக்கப்பட்டன. ஏமாற்றியவர்கள் பத்துப் பேர். பன்னிரண்டு ஆண்டுகள் தண்டனை அனுபவித்தவர்கள் உலகெங்கும் இருந்த நேர்மையான வீரர்கள். டோக்கியோவில் இந்திய வட்டெறி வீரர் ஒருவர் வென்ற வெண்கலமும், அவர் அந்தப் பிரிவுக்குரியவர் அல்ல என்ற முடிவால் பறிபோனது. இந்தப் போட்டிகளை உணர்ச்சிக் கதைகளாக மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தச் செய்திகள் சங்கடமாக இருக்கலாம். எனக்கு இவை மதிப்பைக் கூட்டுகின்றன. ஏமாற்றினால் பிடிபடும், பிடிபட்டால் பறிபோகும் என்ற நிலை உண்மையான போட்டியில்தான் இருக்கும். கருணையால் கொடுக்கும் பரிசில் யாரும் சோதனை செய்வதில்லை.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. சாய்தளம் இல்லாத பேருந்து, மாதாந்திர உதவித்தொகைக்கான அலைச்சல், சக்கர நாற்காலி நுழையாத கழிப்பறை என்று அன்றாடமே போராட்டமாக இருக்கும்போது விரல்விட்டு எண்ணத்தக்க சில வீரர்களுக்குக் கோடிகளைக் கொடுப்பது சரியா? பாரிஸ் பதக்கங்களுக்காகத் தமிழ்நாடு அரசு துளசிமதிக்கு 2 கோடி ரூபாயும் மற்ற மூவருக்கும் தலா 1 கோடியும் வழங்கியது. 2016-இல் மாரியப்பனுக்கு 2 கோடி அறிவிக்கப்பட்டது. ஒலிம்பிக் பதக்கத்துக்கு என்ன தொகையோ அதே தொகை பாராலிம்பிக் பதக்கத்துக்கும் என்பது கோட்பாட்டளவில் பெரிய வெற்றி. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பணம் வென்ற பிறகு வருவது. மாரியப்பனுக்குப் பள்ளியில் தேவைப்பட்டது 2 கோடி அல்ல. உயரம் தாண்டும் கம்பம் ஒன்றும், விழுவதற்கு ஒரு மெத்தையும், தாண்டச் சொல்ல ஓர் ஆசிரியரும். ஆகவே இந்த மறுப்பில் பாதியை ஏற்கிறேன்: முடிவில் கொடுப்பதை விடத் தொடக்கத்தில் கொடுப்பது அவசரம். மற்ற பாதியை ஏற்க மாட்டேன். விளையாட்டும் சாய்தளமும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் மைதானத்துக்குள் போக வேண்டுமென்றால் பேருந்து, பாதை, கழிப்பறை, உடைமாற்றும் அறை எல்லாமே சரியாக வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு அவையெல்லாம் வேண்டியதில்லை என்று அதிகாரி ஒருவர் சமாதானம் சொல்லிவிடலாம். போட்டிக்குப் பெயர் கொடுத்தவரிடம் அப்படிச் சொல்ல முடியாது.

இதையெல்லாம் நீலகிரியில் வைத்துப் பார்த்தால்தான் இதன் முழுப் பொருளும் தெரியும். ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் வழியிலுள்ள இத்தலாரை எடுத்துக்கொள்வோம். படகர் ஊர், சுற்றிலும் தேயிலையும் படிப்படியாக வெட்டிய காய்கறி வயல்களும். மலைச்சரிவில் வாழும் ஊர்களில் சமதரை என்பது தானாகக் கிடைப்பதல்ல. வெட்டி, நிரவி எடுப்பது. அப்படி எடுத்த இடமும் வீட்டுக்கோ, விளைநிலத்துக்கோ, பள்ளிக்கோதான் முதலில் போகும். நல்ல காலுள்ளவரே மூச்சு வாங்கும் ஏற்றத்தில், ஊன்றுகோலோடு நடப்பவரோ சக்கர நாற்காலியில் இருப்பவரோ எங்கே போய் விளையாடுவது என்ற கேள்வி எழும். மலை ஊருக்கு இந்த விளையாட்டு சரிவராது என்று முடிவுகட்டவும் தோன்றும்.

ஆனால் இந்த முடிவு 400 மீட்டர் ஓடுபாதையை மட்டுமே மைதானம் என்று நினைப்பதால் வருவது. வழக்கமான கைப்பந்துக்கு 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் வேண்டும். தரையில் உட்கார்ந்தபடி ஆடும் கைப்பந்துக்கு 10-க்கு 6 மீட்டர் போதும். கடுமையான கை கால் பாதிப்பு உள்ளவர்களும் ஆடக்கூடிய போச்சா என்ற பந்து விளையாட்டு 12.5-க்கு 6 மீட்டருக்குள், கூரையின் கீழ், அடங்கிவிடும். நீலகிரியின் மழைக்கும் பனிக்கும் இதைவிடத் தோதான விளையாட்டு கிடைக்காது. மேசைப்பந்துக்கும் பளுதூக்குதலுக்கும் ஓர் அறை போதும். 2004-இல் 56 கிலோ பிரிவில் பெஞ்சில் படுத்தபடி 157.5 கிலோ தூக்கி இந்தியாவுக்கு வெண்கலம் கொண்டுவந்த பஞ்சாபின் ராஜிந்தர் சிங் ரஹேலு போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்டவர்; அவருக்கு வேண்டியிருந்தது ஒரு பெஞ்சும் இரும்பும் மட்டுமே. ஒரு சமுதாயக் கூடத்தின் அளவுதான் கணக்கு. இடம் இல்லை என்பதை விட, எந்த விளையாட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று விசாரிக்கவில்லை என்பதே பொருத்தம்.

போட்டியும் கைக்கெட்டாத தூரத்தில் இல்லை. தமிழ்நாட்டின் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி, கல்லூரி, அரசு ஊழியர், பொதுமக்கள் ஆகியோரோடு மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். மாவட்ட அளவிலேயே அது தொடங்குகிறது. இத்தலார்க்காரருக்கு மாவட்டத் தலைநகர் என்றால் ஊட்டிதான். குன்னூர் பக்கம் வெலிங்டனில் ராணுவம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது. காயம்பட்ட வீரனைப் படையை விட்டு அனுப்பாமல் களத்தில் இறக்கிய மரபு ராணுவத்தில் உண்டு. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த தமிழர் ஆனந்தன் குணசேகரன், காஷ்மீரில் கண்ணிவெடியில் இடது காலை இழந்த பிறகு செயற்கைக் காலோடு ஓடி, 2019-இல் வூஹானில் நடந்த உலக ராணுவ விளையாட்டுப் போட்டியில் தங்கங்கள் வென்றார். அவருக்குப் படையின் பயிற்சி வசதி இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் கை போனவருக்கும் விபத்தில் கால் இழந்த காய்கறி விவசாயிக்கும் அதில் ஒரு பங்காவது ஊராட்சியும் பள்ளியும் செய்துதர முடியாதா என்பதே கேள்வி.

ஒன்றை மட்டும் இங்கே மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பாராலிம்பிக்கின் கதவு எல்லோருக்கும் திறப்பதில்லை. 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பாராலிம்பிக் விதிகள் பத்து வகைகளை மட்டுமே ஏற்கின்றன. சட்டப் பட்டியலில் உள்ள அரிவாள் செல் நோய் விளையாட்டுப் பட்டியலில் இல்லை. நீலகிரிக்கு இது சிறிய விஷயமல்ல. இந்தியாவில் அரிவாள் செல் மரபுக்கூறு முதன்முதலாக 1952-இல் ஆய்வாளர்களால் பதிவுசெய்யப்பட்டது இந்த மலையின் பழங்குடி மக்களிடம்தான். கூடலூர், பந்தலூர் பகுதிகளில் இன்றும் பல குடும்பங்கள் அதோடு வாழ்கின்றன. கடும் உழைப்பும் குளிரும் நீரிழப்பும் அந்த நோயாளிக்கு வலி வேதனையைத் தூண்டிவிடக்கூடியவை. அவரிடம் போய் மாரியப்பனைப் பார், நீயும் தாண்டு என்று சொல்வது ஊக்கமாகாது, கொடுமை. அவருக்கு வேண்டிய விளையாட்டு வேறு. மருத்துவரின் கண்காணிப்பில், உடல் தாங்கும் அளவில் அமைய வேண்டியது. அதை இங்கேயே, இந்த மலையின் ஆசிரியர்களும் மருத்துவர்களும் சேர்ந்துதான் வகுக்க முடியும். பாரிஸிலோ டோக்கியோவிலோ யாரும் வகுத்துத் தரப்போவதில்லை.

காது கேளாதவர்களும் பாராலிம்பிக்கில் இல்லை. அவர்களுடைய போட்டி அதைவிடப் பழையது: 1924-இல் பாரிஸில், ஒன்பது நாடுகளுடன் தொடங்கியது. 2022 மே மாதம் பிரேசிலின் கசியாஸ் டூ சுல் நகரில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில் மதுரையின் ஜெர்லின் அனிகா பூப்பந்தில் மூன்று தங்கம் வென்றார். குட்மனுக்குக் கால் நூற்றாண்டு முன்பே, மருத்துவர் எவருடைய துணையும் இன்றி, காது கேளாதவர்கள் தாங்களே கூடித் தங்களுக்காக நடத்திக்கொண்ட அந்தப் போட்டியின் வரலாற்றை அடுத்த பகுதியில் பார்ப்போம்.